அதற்குப் பட்டன் இல்லை

பதினோரு நிமிடம். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

பனி மூட்டம் கட்டிக்கொண்ட ஒரு காலையில், ஆற்றின் நட்டநடுவில், அறுபத்துச் சொச்சம் பேர் ஏறியிருந்த பயணப் படகை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். முன்னால் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. தெரிந்ததா, தெரிகிற மாதிரி இருந்ததா என்பது அவருக்கே விளங்கவில்லை. விளங்காததால் நிறுத்தினார். பனி விலகியபோது அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. மரக்கட்டையாக இருந்து மிதந்து போயிருக்கலாம், பனியே திரண்டு நின்றிருக்கலாம், யார் கண்டது? இருபத்திரண்டு வருஷமாக அவர் இப்படித்தான் ஓட்டுகிறார். அதனால்தான் இரண்டு கரையிலும் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவருடைய போதாத காலம், அந்த அறுபத்துச் சொச்சம் பேரில் நிச்சயத் தகுதி வாரியத்தின் தலைவரும் ஒருவர். அக்கரையில் ஒரு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கப் போய்க்கொண்டிருந்தார். கருத்தரங்கின் தலைப்பு, 'விரைந்து முடிவெடுப்போம்'. தலைவர் இல்லாமல் தொடங்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க முடியாமல் இருநூறு பேர் பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தார்களாம். அந்த அவமானத்தை வாரியம் யார் தலையிலாவது கட்ட வேண்டாமா?

மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. கிரேன் ஓட்டுகிறவர், ரயில் ஓட்டுகிறவர், படகு ஓட்டுகிறவர் என்று கண்ணால் பார்த்துக் கையால் முடிவெடுக்கும் அத்தனை பேருக்கும் தகுதிச் சான்று கொடுப்பதும் பிடுங்குவதும் அந்த வாரியத்தின் வேலை. 'இல்லாத ஒரு பொருளுக்காகப் படகை நிறுத்திய தாங்கள்' என்று நோட்டீஸ் ஆரம்பித்தது. நிச்சயத் தேர்வு எழுத வேண்டும். தேறாவிட்டால் லைசென்ஸ் ரத்து. படகு உதவியாளரிடம் ஒப்படைக்கப்படும்.

உதவியாளர் என்பது வேறு யாருமில்லை, நிதானத்தின் மனைவியுடைய தம்பிதான். படகுக் கயிற்றைக் கட்டுவது, அவிழ்ப்பது, ஆட்கள் ஏறி இறங்கப் பலகை போடுவது அவன் வேலை. எதையும் டக்டக்கென்று செய்வதால் அவனுக்கு 'டக்கு' என்று பெயர். நல்ல பிள்ளைதான். மாமா என்றால் உயிர். ஆனால் சாலையைக் கடக்கும்போதுகூட முதலில் கடந்துவிட்டு அப்புறம் பார்க்கிற ரகம். போன மாதம்தான் வாரியத்தின் தேர்வில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான்.

நோட்டீஸைப் படித்துவிட்டு மனைவி கேட்டாள், "ஏங்க, அன்னிக்கு நிஜமாவே ஏதாவது பாத்தீங்களா?"

"தெரியல."

"அங்க போயி இப்படித் தெரியலன்னு சொல்லி வைக்காதீங்க. எதையாவது ஒண்ண அடிச்சு விட்டுட்டு வாங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பாஸ் பண்றாங்க."

"உன் தம்பி மாதிரியா?"

அவள் நோட்டீஸை மடித்து வைத்தாள். அக்கரை ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. பதினாறு வருஷமாகக் காலை ஆறே முக்கால் படகில்தான் போகிறாள். பனிக்காலம் இப்போதுதான் ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டரை மாதம் ஆறு கண்ணுக்குத் தெரியாது. அந்த இரண்டரை மாதமும் ஸ்டீயரிங்கில் டக்கு நிற்பான் என்பதுதான் நிதானத்தின் கவலை. லைசென்ஸ் போனால் போகட்டும், வேறு பிழைப்பு இல்லாமலா போய்விடும். அவள் அந்தப் படகில்தானே போக வேண்டும்?

வாரியத்தின் கட்டடத்தில் நுழைந்ததும் 'விசாரணை' என்று எழுதியிருந்த ஜன்னலுக்குப் போனார். ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள்.

"விசாரணை எல்லாம் எடுத்தாச்சு," என்றார் எழுத்தர். மெலிந்த மனிதர், காதில் பென்சில். "கேள்வி கேக்கறவங்க நிச்சயம் இல்லாதவங்க. அவங்களுக்கு இங்க என்ன வேலைன்னு தலைவர் முடிவு பண்ணிட்டார். இந்தப் படிவத்தை நிரப்புங்க."

படிவத்தில் முதல் கேள்வி: 'உங்கள் பெயர் இதுதான் என்பதில் எவ்வளவு நிச்சயம்?' கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று 'நிச்சயம்', இன்னொன்று 'மிக நிச்சயம்'. நிதானம் 'நிச்சயம்' என்ற கட்டத்தில் குறி போட்டார். எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன், மிக நிச்சயம் இல்லையா?" என்று புருவத்தைத் தூக்கினார். போகட்டும் என்று இரண்டாவதிலும் குறி போட்டார். "மாத்தி மாத்திப் போடறீங்களே," என்று எழுத்தர் தனியாக ஒரு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். தேர்வு அறைக்குள் போவதற்கு முன்பே ஆளுக்கு வியர்த்துவிட்டது.

தேர்வு அறை இருட்டாக இருந்தது. எதிரே திரை. திரையில் அரிசியைக் கொட்டினாற்போல நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள் ஓடும். மொத்தக் கூட்டமும் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, இடது என்றால் இடது பட்டன், வலது என்றால் வலது பட்டன். ஒரு திரைக்கு இரண்டு வினாடி. நாற்பது திரை. முப்பத்தாறு சரியாக இருந்தால் தேர்ச்சி.

முதல் திரை சுலபம். புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் ஓடின. போகப்போகக் கலங்கலாயிற்று. பாதிப் புள்ளிகள் இடதுபுறம், மீதி தறிகெட்டு. பிறகு கால்வாசிதான் ஒரு பக்கம். நிதானத்துக்கு இது கைவந்த விஷயம். பனிக்குள் நீரோட்டத்தைப் பார்க்கிற மாதிரி, ஒரே இடத்தில் முறைக்காமல், மொத்தத்தையும் கண்ணுக்குள் விட்டுக்கொண்டு, சேரட்டும் சேரட்டும் என்று காத்திருந்து அமுக்கினார்.

பன்னிரண்டாவது திரையில் கை நின்றுவிட்டது. புள்ளிகள் இருந்தன, ஓடவும் செய்தன. ஆனால் எந்தப் பக்கமும் போகவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மணி அடித்தது, திரை மாறிவிட்டது.

"ஐயா, அந்தத் திரை எந்தப் பக்கமும் போகலீங்களே?"

"பேசக் கூடாது," என்றார் எழுத்தர் இருட்டிலிருந்து.

இப்படி எட்டுத் திரை. எட்டிலும் அவர் பட்டனைத் தொடவில்லை. எதைத் தொடுவது? இடது என்றால் பொய், வலது என்றாலும் பொய். கூலி கொடுத்துப் புளுகச் சொன்னாலும் கூச்சமாக இருக்கும் போலிருந்தது.

சாயங்காலம் முடிவை ஒட்டினார்கள். நிதானம், முப்பத்திரண்டு. தொட்டது அத்தனையும் சரி. தொடாத எட்டும் தப்பு. வாசலில் டக்கு காத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா இது! அந்த எட்டையும் மனப்பாடம் பண்ணலாம்ல? வெளிய ஜெராக்ஸ் கடையில கிடைக்குதே. 'இ இ வ இ, வ வ இ வ'. நான் பாட்டா பாடிக்கிட்டே போனேன்."

"அது எப்படிடா தெரியும்? திரை ஓடவே இல்லையே?"

"ஓடுதோ இல்லையோ, விடைத்தாள்ல அப்படித்தான் இருக்கு."

நிதானத்துக்கு அன்றுதான் கோபம் வந்தது. கோபம் வந்ததால் மேல்முறையீடு செய்தார். வாரியத்தின் வரலாற்றில் அதுதான் முதல் மேல்முறையீடு. அதற்குப் படிவமே இல்லாததால், 'பாராட்டுக் கடிதம்' என்ற படிவத்தில் தலைப்பை மட்டும் அடித்துவிட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

மேல்முறையீடு வந்தால் தேர்வரின் மூளையைப் படம் பிடிக்க வேண்டும் என்று விதி இருந்தது. விதியை எழுதியவர் இது ஒருநாளும் நடக்காது என்று நம்பி எழுதியிருப்பார். தரைத்தளத்தில் தூசி மூடிக் கிடந்த ஸ்கேன் இயந்திரத்தையும், அதைப் போலவே சும்மா உட்கார்ந்திருந்த ஒரு டாக்டரம்மாவையும் தேடிப் பிடித்தார்கள். நிதானத்தைக் குழாய்க்குள் படுக்க வைத்து, கண்ணுக்கு எதிரே அதே புள்ளிகளை ஓட விட்டார்கள். வெளியே கணினி முன் தலைவரும் எழுத்தரும்.

தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்த உடம்பு, சத்தமான குரல், மடிப்புக் கலையாத சட்டை. பேசும்போது எதிரே ஒருவர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருப்பதாகவே நினைத்துக்கொள்வார்.

"பாருங்க சார்," என்று டாக்டரம்மா திரையைக் காட்டினார். குழாயிலிருந்து வெளியே வரச் சொன்னதால் நிதானமும் பார்த்துக்கொண்டு நின்றார். "இது சுலபமான திரை. கொஞ்சம்தான் வேலை நடக்குது. இது அந்தக் குழப்பமான எட்டு. இங்க பாருங்க, மூணு இடம் சேந்து எரியுது. பக்கவாட்டுல இருக்கிற இது, கண்ணு கொண்டு வர்றதக் கொஞ்சம் கொஞ்சமா சேத்து வைக்குது. முன்னால இருக்கிற இது, இவ்வளவு சேந்தாத்தான் முடிவுன்னு கோடு போடுது. உள்ள மடிப்புல இருக்கிற இது, 'இன்னும் தெளிவா இல்ல, அவசரப்படாத'ன்னு மணி அடிக்குது. தெளிவில்லாதப்போ இந்த மூணுக்கும் நடுவுல பேச்சு ஜாஸ்தியாகும். இவருக்கு ரொம்ப நல்லா பேசிக்குது."

"ஒரு நிமிஷம்," என்றார் தலைவர். "மூணு பிரிவும் ஒண்ணா கூடிப் பேசுதா?"

"ஆமா சார்."

"யார் தலைமையில?"

"தலைமைன்னு யாரும் இல்ல சார்."

"தலைமை இல்லாமக் கூட்டமா!" தலைவரின் முகம் சிவந்தது. "எழுத்தரே, குறிச்சுக்குங்க. தேர்வரின் தலைக்குள் அனுமதியில்லாமல் கூட்டம் நடக்கிறது. இதைத்தானம்மா நான் பதினாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்! இந்த நாற்காலியில உக்காந்து இன்னிக்கு வரைக்கும் நான் எதையும் ரெண்டாவது தடவை யோசிச்சதில்ல. முதல் தடவை யோசிச்சியான்னு கேட்டா, அதுக்கும் நேரம் இருந்ததில்ல. சந்தேகம்ங்கிறது தனி மனுஷன் சொத்து. வீட்டுல வச்சுக்கட்டும், யார் வேண்டாங்கிறா? வேலை நேரத்துல எதுக்கு?"

"சார், அந்த எட்டுத் திரையில பதிலே கிடையாது," என்றார் டாக்டரம்மா. "சும்மா கலைச்சு விட்ட புள்ளிங்க. எந்தப் பக்கமும் போகாது. தெளிவே இல்லாதப்போ மூளை என்ன பண்ணுதுன்னு பாக்கறதுக்காக ஆராய்ச்சியில வச்சது. அதைத் தூக்கித் தேர்வுல போட்டுட்டீங்க. இவர் தொடாம விட்டதுதான் சரி."

நிதானம் ஓரடி முன்னால் வந்தார். நியாயம் கிடைத்துவிடும் போலிருந்தது.

"பதில் இல்லைன்னா விடைத்தாள்ல எப்படி வந்தது?" என்றார் தலைவர்.

எழுத்தர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் திருப்பிச் சொருகிக்கொண்டார். "நான்தான் சார் நிரப்பினேன். காலியா விட்டா தணிக்கையில கேப்பாங்க. நாலு இடது, நாலு வலது. எந்தப் பக்கத்துக்கும் பாரபட்சம் பாக்கல சார்."

தலைவர் எழுத்தரின் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"பாருங்கம்மா," என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "இவருக்கு டாக்டர் பட்டம் இல்ல. ஆராய்ச்சி இல்ல. பதிலே இல்லாத எட்டுக் கேள்விக்கு ஒரே மத்தியானத்துல பதில் கண்டுபிடிச்சிருக்கார். இதுதான் இந்த வாரியம்!"

அத்தோடு விடவில்லை. முன்மாதிரி மூளை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன் என்று அவரே குழாய்க்குள் படுத்துக்கொண்டார். படுக்கப் போகும்போது நிதானத்தின் தோளைத் தட்டி, "பாத்துக் கத்துக்கய்யா," என்று வேறு சொன்னார். பட்டனைப் படபடவென்று அடித்தார். படத்தில் விரலை அசைக்கிற இடம் மட்டும் மினுக் மினுக்கென்றது. மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் மாதிரி கிடந்தது. டாக்டரம்மா இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "சார், திரை வர்றதுக்கு முன்னாடியே அமுக்கிட்டீங்க."

"அதுக்குப் பேருதான் தொலைநோக்கு," என்றபடி தலைவர் குழாயிலிருந்து வெளியே வந்தார்.

மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பு இதுதான்: படகிலேயே செய்முறைத் தேர்வு. வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால் படகு. சான்று பெற்ற டக்கு ஓட்டுவான். நிதானம் பக்கத்தில் 'ஒப்பீட்டு மாதிரி'யாக நிற்பார். இருவருக்கும் கேள்வி ஒன்றே, பதில் இரண்டு வினாடிக்குள். டாக்டரம்மாவைக் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பனி சுவர் மாதிரி நின்றது. படகுத்துறையின் விளக்குக் கம்பமே பத்தடியில் காணாமல் போயிருந்தது. அறுபத்திரண்டு பேர் ஏறினார்கள். நிதானத்தின் மனைவி வழக்கமான இடத்தில், ஓட்டும் அறைக் கதவையொட்டி உட்கார்ந்திருந்தாள். லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷத்தில் அவள் அதைத் தொட்டு அவர் பார்த்ததில்லை.

ஓட்டும் அறையில் டக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். பக்கத்தில் நிதானம். அவர் கழுத்தில் கயிறு கட்டி ஒரு மரப்பலகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பலகையில் இரண்டு பட்டன், இடது, வலது. பின்னால் நிறுத்துக் கடிகாரத்தோடு எழுத்தர். அவருக்குப் பின்னால் தலைவர்.

படகு கிளம்பி ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு கரையும் இல்லை, வானமும் இல்லை. என்ஜின் சத்தம் மட்டும் எங்கேயோ முட்டித் திரும்பி வந்தது. அப்போது முன்னால், சற்று வலப்பக்கமாக, பனியில் ஓர் அழுக்குப் படிந்த மாதிரி தெரிந்தது.

"பொருள்!" என்று கூவினார் எழுத்தர். கடிகாரம் க்ளிக் என்றது. "இடதா வலதா?"

"இடது!" டக்கு வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டான். ஸ்டீயரிங்கையும் இடதுபக்கம் ஒடித்தான்; கனத்த படகு உடனே திரும்பவில்லை.

"அரை வினாடி! அபாரம்!" என்றார் தலைவர். "ஒப்பீட்டு மாதிரி?"

நிதானம் பட்டனைத் தொடவில்லை. கண்ணாடிச் சட்டத்தில் ஒரு திருகாணி இருந்தது. அந்தத் திருகாணிக்கு நேராக அழுக்கு நின்றது. அது மரநிழலா, பனியா, இன்னொரு படகா, அவருக்குத் தெரியவில்லை.

"மூணு வினாடி," என்றார் எழுத்தர்.

தெரிகிற வரைக்கும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த தொழில். வலதுபக்கம் போகிற பொருளாக இருந்தால் திருகாணியை விட்டு வலதுபக்கம் விலக வேண்டும். இடதுபக்கம் போகிறதென்றால் இடதுபக்கம் விலக வேண்டும்.

"அஞ்சு. தேர்வரே, எதையாவது அமுக்குங்க!"

அது விலகவில்லை. திருகாணியிலேயே நின்றது. ஆனால் முன்பு திருகாணி அளவு இருந்தது, இப்போது உள்ளங்கை அளவு.

"மாமா," என்றான் டக்கு. அவன் குரல் மாறியிருந்தது. "மாமா, இடதுதானே?"

"ஏழு வினாடி. எழுதிக்கறேன் சார், பதில் இல்லை."

"இருடா," என்றார் நிதானம். உடம்பெல்லாம் கண்ணாகப் பார்த்தார். பக்கவாட்டில் இம்மிகூட அசையாமல், பெரிதாகிக்கொண்டே வந்தது அது. இடதும் இல்லை, வலதும் இல்லை. நேரே நம் மேலேதான் வருகிறது!

ஒன்பதாவது வினாடியில் டக்குவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு லீவரை நியூட்ரலுக்கு இழுத்து, அங்கிருந்து ரிவர்ஸுக்கு அடித்தார். ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. படகு குலுங்கி முனகியது. பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். கழுத்துப் பலகை ஸ்டீயரிங்கில் மோதி இரண்டாகப் பிளந்தது.

"ஐயோ, என்னய்யா அது?" தலைவர் கதவுச் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினார். "வருதா? போகுதா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே! தெரியலையே!"

சரிந்து கிடந்த நிதானத்தின் மனைவி தரையிலிருந்தபடியே கத்தினாள், "தெரியலைன்னா அதுக்குப் பட்டன் இல்லீங்க சார்!"

பனியைக் கிழித்துக்கொண்டு மணல் படகு வந்தது. மூன்று மாடி உயரத்துக்கு மணல் குவித்த இரும்புப் பெட்டி. இடித்திருந்தால் இந்தப் படகு அப்பளமாக நொறுங்கியிருக்கும். ஆனால் ஹாரனிலிருந்து கையை எடுத்ததும் நிதானத்துக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து என்ஜின் சத்தம் வரவில்லை. அவர்களும் நிறுத்தியிருந்தார்கள். வந்த வேகத்தில் மட்டும் மெல்ல மிதந்து, இந்தப் படகின் இடதுபுறத்து ரப்பர் டயர்களைக் கிரீச்சென்று உரசிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோனது. அதன் ஓட்டுநர் வெளியே எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை.

"ஹாரன் கேக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேண்ணே!" என்று கத்தினார். "என்னமோ இருக்கிற மாதிரி இருந்துச்சு, என்னன்னு புரியல. நீங்க எப்படி நிறுத்தினீங்க?"

"எனக்கும் புரியலப்பா. அதான் நிறுத்திட்டேன்."

அந்த ஆள் ஒரு கணம் இவரையே பார்த்தார். இவர் கழுத்தில் கயிற்றோடு தொங்கிய உடைந்த பலகையையும் பார்த்தார்.

"அண்ணே, நீங்களும் ஃபெயிலா?"

"ஆமாப்பா."

"முப்பத்திரண்டா?"

"முப்பத்திரண்டுதான்."

மணல் படகு பனிக்குள் போய்விட்டது. டக்கு தரையில் குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நிதானத்தின் மனைவி எழுந்து வந்து அவர் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றினாள்.

சனிக்கிழமை மாலையே வாரியத்தின் ஆணை வந்துவிட்டது. விரைந்து முடிவெடுப்பவர்கள் அல்லவா? அதில் கண்டிருந்தது:

'செய்முறைத் தேர்வின்போது விபத்து ஏதும் நிகழவில்லை. விபத்து நிகழாததால் அபாயம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. ஆகவே படகை நிறுத்தியது தேவையற்றது. மேலும், எதிர்ப்பட்ட மணல் படகு இடதுபுறமாகவே கடந்து சென்றிருப்பதால், இடது என்று சான்று பெற்ற ஓட்டுநர் அளித்த விடை சரியானது. அவருக்கு முழு மதிப்பெண். மேல்முறையீட்டாளர் ஒன்பது வினாடி எடுத்துக்கொண்டும் விடையளிக்காததால் அவரது லைசென்ஸ் திங்கள் முதல் ரத்து. பயணிகளின் கோரிக்கையை முன்னிட்டு, தெரியவில்லை என்பதற்கான மூன்றாவது பட்டன் பரிசீலனையில் உள்ளது. அதை அழுத்த விரும்புவோர் மூன்று நாள் முன்னதாக எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்.'

திங்கள் காலையும் பனி. நிதானம் வீட்டில் இருக்க முடியாமல் மனைவியோடு படகுத்துறைக்கு வந்தார். டக்கு ஓட்டும் அறையில் நின்றிருந்தான். அவன் தலைக்கு மேல் சட்டம் போட்ட சான்றிதழ். பலகை போட்டாயிற்று, மணி அடித்தாயிற்று. ஒருவரும் ஏறவில்லை. அறுபது பேரும் துறையில் நின்றபடி பலகையைப் பார்த்தார்கள், பனியைப் பார்த்தார்கள், கடைசியில் நிதானத்தைப் பார்த்தார்கள். அவர் மனைவியும் ஏறவில்லை.

டக்கு இறங்கி வந்தான். இரண்டு நாள் தூங்காத முகம்.

"மாமா, வந்து பிடி."

"எனக்கு லைசென்ஸ் இல்லடா."

"எனக்கு இருக்குல்ல? நான் பக்கத்துல நிக்கறேன். கேட்டா நான் ஓட்டறதாச் சொல்லிக்கலாம். எனக்குப் பயமா இருக்கு மாமா. சத்தியமா பயமா இருக்கு." 

நிதானம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் பலகையில் கால் வைத்து ஏறினாள். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஏறினார்கள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் கைக்குப் பழகிய சூடு திரும்பி வந்தது.

கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தார் தலைவர். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு எழுத்தர். அக்கரையில் இன்னொரு கருத்தரங்கு. தலைவர் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றார்.

"யாருய்யா ஓட்டறது இன்னிக்கு?"

டக்கு விறைத்து நின்றான். "நான்தான் சார். முழு மதிப்பெண்."

தலைவர் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு, ஆயிரம் பேருக்குப் பேசுகிற அந்தக் குரலை முதல்முறையாகத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த ஃபெயிலானவர்... வரலையா?"

"உள்ளதான் இருக்காரு, ஏறுங்க," என்றாள் நிதானத்தின் மனைவி.

தலைவர் ஏறி ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். படகு நடு ஆற்றுக்கு வந்ததும் என்ஜின் நின்றது. முன்னால் ஏதோ இருந்தது, அல்லது இல்லை. நிதானம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் ஆயிற்று. எட்டு நிமிடம் ஆயிற்று. எழுத்தர் வாட்சைப் பார்த்துவிட்டு, "சார், கருத்தரங்குக்கு நேரம்..." என்று ஆரம்பித்தார்.

தலைவர் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சும்மா இருய்யா. அவர் பாத்துக்கிட்டிருக்காரு இல்ல."